பெண் சிசு மரணம்: சமமாக இருந்தால் ஏன் குறை?

கேள்வி:

என் மூத்த மகள் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறாள். ஆசிய நாடுகளின் பெண் சிசு மரண வீதங்களை ஒப்பிட்டு ஓர் ஒப்படை செய்யும்படி பாடசாலையில் கொடுத்திருந்தார்கள். அவள் சேர்த்த அட்டவணையில் இலங்கைப் பெண் பிள்ளைகளுக்கு ஆயிரத்துக்கு ஐந்தளவு, ஆண் பிள்ளைகளுக்கு ஆறுக்கு மேல். பாகிஸ்தானில் இரண்டுமே மிகக் கூட, அங்கேயும் ஆண் பிள்ளைகள்தான் அதிகம் இறக்கிறார்கள். இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் ஆணுக்கும் 28, பெண்ணுக்கும் 28. இதைப் பார்த்துவிட்டு, "ஆண், பெண் பேதம் இல்லாத நாடு இந்தியா" என்று முடிவுரை எழுதிவிட்டாள். ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டி, "இது பேதம் இருப்பதன் அடையாளம்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். சமமாக இருப்பது எப்படிக் குறையாகும்? எனக்கும் விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கவில்லை.

இன்னுமொன்று. என் இளையவளுக்கு இப்போது ஐந்து மாதம். தடிமன், காய்ச்சல் என்று நான் பதறினால், "பொம்பிளைப் பிள்ளை தாங்கும், பெடியனைத்தான் கவனமாப் பாக்கவேணும்" என்று மாமி சொல்லுவா. அது உண்மையா? பெண் சிசுக்கொலையைக் காட்டும் "கருத்தம்மா" படத்தை வீட்டில் எல்லோரும் இருந்து பார்த்து அழுதிருக்கிறோம். சீதனம் எங்களிடமும் இருக்கிறதே, எங்கள் பக்கத்திலும் ஒரு காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு அப்படி நடந்ததா?

ஒரு தாய், பருத்தித்துறை

பதில்:

சகோதரி, ஆசிரியை வெட்டியது சரியான வரியைத்தான். ஆனால் மகள் விட்ட பிழை மிகவும் இயல்பானது. பத்திரிகைகளிலும் மேடைகளிலும் படித்தவர்களே இதை விடுகிறார்கள். ஆகவே அவளை ஏசாமல் இந்தப் பதிலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

உயிரோடு பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வயது நிறைவதற்கு முன் இறப்பவர்களின் எண்ணிக்கைதான் சிசு மரண வீதம். ஆண், பெண் வீதங்களை அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றானால் நீதி என்று மகள் நினைத்தது, இருபாலாரும் ஒரே பலத்தோடு பிறக்கிறார்கள் என்ற எண்ணத்தில். உண்மை அதுவல்ல. பெண் பிள்ளை பிறக்கும்போதே ஒரு கைமுதலோடு பிறக்கிறது. குறைமாதத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே வாரக் கணக்கு. பெண் பிள்ளையின் சுவாசப்பை சற்று முன்னதாகவே பக்குவப்பட்டிருக்கும், ஆண் பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்புக் கூட. நோய் எதிர்ப்போடு தொடர்புடைய பரம்பரை அலகுகள் பல எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. பெண்ணுக்கு அதில் இரண்டு, ஆணுக்கு ஒன்றே ஒன்று. கிருமித் தொற்று, பிறப்புக் கோளாறு, பிரசவ நேரத்து மூச்சடைப்பு என்று எதை எடுத்தாலும் முதல் வருடத்தில் ஆண் பிள்ளைதான் நொய்ந்தது. இயற்கையும் இதை அறிந்ததுபோல, நூறு பெண்களுக்கு ஏறத்தாழ 105 ஆண்களைப் பிறக்க வைக்கிறது.

ஆகவே ஒரே பால், ஒரே மருந்து, ஒரே அக்கறை இரண்டு பேருக்கும் கிடைக்கும் நாட்டில் ஆண் சிசுக்களின் வீதம் பெண் சிசுக்களினதைவிட ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ கூடுதலாக இருக்கவேண்டும். உங்கள் மகளின் அட்டவணையில் இலங்கை வரியில் இருப்பது அந்த வித்தியாசம்தான். இந்திய வரியில் அது காணாமல் போயிருக்கிறது. ஆணுக்கு 28 என்றால் பெண்ணுக்கு 23 அளவில் இருந்திருக்கவேண்டும். கைமுதலோடு வந்த பிள்ளை, கைமுதல் இல்லாமல் வந்த பிள்ளையோடு ஒரே எண்ணிக்கையில் சாகிறது என்றால், அந்தக் கைமுதலை யாரோ செலவழித்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் பெண் குழந்தைகள் பிறக்கும் நாடு அது. ஆயிரத்துக்கு ஐந்து என்று மனக்கணக்குப் போட்டாலே ஐம்பதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் வருகிறது. வடமராட்சியில் பாலர் வகுப்பு முதல் உயர்தரம் வரை படிக்கும் பிள்ளைகளை எல்லாம் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிது என்று அப்போது தெரியும்.

இந்தியாவுக்கு நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். அங்கே நிலைமை சீராகிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அந்த நாட்டின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கில் 2011இல் ஆண் சிசு மரணம் 43, பெண் சிசு மரணம் 46. 2016இல் 33க்கு 36. 2018இல் 32க்கு 33. 2020இல்தான் 28க்கு 28 ஆனது. பெண் பிள்ளை பின்னால் இருந்து ஓடிவந்து ஆண் பிள்ளையை எட்டிப் பிடித்த ஆண்டு அது. அவள் முன்னால் போயிருக்கவேண்டியவள் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இனி மகளின் அட்டவணையில் இல்லாத ஒரு நிரல். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அதே 2020இல், ஐந்து வயதுக்குள் இறந்த பிள்ளைகளின் வீதத்தைப் பார்த்தால் இந்தியாவில் ஆணுக்கு 31, பெண்ணுக்கு 33. ஒரு வயதில் சமமாக நின்றவர்கள் ஐந்து வயதுக்குள் பிரிந்துவிட்டார்கள். கழித்துப் பாருங்கள்: முதல் பிறந்தநாளுக்கும் ஐந்தாவது பிறந்தநாளுக்கும் இடையில் ஆயிரத்துக்கு ஆண்களில் மூன்று பேர், பெண்களில் ஐந்து பேர்.

ஏன் அப்படி? முதல் மாதங்களில் பிள்ளையின் உணவு தாயின் மார்பில் இருக்கிறது. அதை யாரும் பங்கிட முடியாது. பிறந்த முதல் வாரத்தில் இறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் குறைமாதத்தாலோ பிறவிக் கோளாறாலோ இறக்கிறார்கள், வீட்டாரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் குறைவு. பால் மறக்கப்பண்ணிய பிறகுதான் வீட்டின் கை பிள்ளையின் உயிரில் படத் தொடங்குகிறது. முட்டை யாருக்கு, மீனின் நடுத்துண்டு யாருக்கு, வயிற்றோட்டம் வந்தால் யாரை உடனே வாகனம் பிடித்துக் கொண்டுபோவது, யாருக்கு "விடியட்டும் பார்ப்பம்" என்பது. பெண் பிள்ளையைக் கொல்ல யாரும் கை ஓங்கத் தேவையில்லை. ஒரு இரவு தாமதித்தாலே போதும். அந்தத் தாமதங்கள் சேர்ந்துதான் மூன்றுக்கு ஐந்து ஆகின்றன.

இதை வாசித்துவிட்டு, நாங்கள் எப்போதும் நல்லவர்களாக இருந்தோம் என்று நினைத்துவிடவேண்டாம். 1935இல், மலேரியா கொள்ளைநோய் அடித்த ஆண்டில், இலங்கையின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 263. நாலு பிள்ளை பிறந்தால் ஒன்று ஒரு வயது காணவில்லை. 1945இலும் அது 140. அந்தக் காலத்து இலங்கையில் பெண்ணின் சராசரி ஆயுள் ஆணைவிடக் குறைவு: 1946ஐ ஒட்டிய ஆயுள் அட்டவணையில் ஆணுக்கு ஏறக்குறைய 47 வயது, பெண்ணுக்கு 45க்கும் கீழே. ஒரு காரணம் பிரசவ மரணம். ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார் அப்போது இறந்தார்கள், இன்று அது முப்பதை ஒட்டி நிற்கிறது. மற்றக் காரணம், ஒன்று முதல் நாலு வயது வரையான பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இறந்தது. இன்று இந்தியாவைப் பற்றிச் சொல்வதெல்லாம் அன்று எங்களுக்கும் பொருந்தியது. இலங்கைப் பெண்ணின் ஆயுள் ஆணினதைத் தாண்டியது 1960களின் தொடக்கத்தில்தான். உங்கள் மாமியின் வயதை எனக்குத் தெரியாது. ஆனால் அவரோடு பிறந்து வளராமல் போன அக்கா, தங்கச்சிமார் யாரும் உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் அப்படி ஒரு கதை இல்லாத வீடு குறைவு.

மாற்றம் எங்கிருந்து வந்தது? அணைக்கட்டுகளோ பெரிய தொழிற்சாலைகளோ அதைக் கொண்டுவரவில்லை. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நோயாளி வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திராமல், பயிற்றப்பட்ட மருத்துவமாது கர்ப்பிணியின் வீட்டுக்குப் போவது என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் தீவு முழுக்கப் பரவியது. நாற்பதுகளில் டீடீடீ தெளிப்பு மலேரியாவை ஒடுக்கியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பள்ளிக்கூடம் போன பெண் தாயானபோது, பிள்ளையின் காய்ச்சலை மாமியாரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிற்கவில்லை, கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். 1950இல் சிசு மரணம் 82க்கு இறங்கிவிட்டது. 1935ஐ நினைத்தால் பதினைந்தே ஆண்டுகள்.

எங்கள் குடாநாட்டுக்கு இதில் ஒரு முந்திய கதையும் உண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 அளவில் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, மருத்துவ நூல்களைத் தமிழிலேயே ஆக்கினார், மகப்பேறு பற்றிய நூலும் அவற்றில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. "இணுவில் ஆஸ்பத்திரியில பிறந்தனான்" என்று சொல்லும் முதியவர்களை நீங்கள் இன்றும் சந்திக்கலாம். உடுவிலில் பெண்களுக்கான பாடசாலை 1824இலேயே தொடங்கியிருந்தது. மருத்துவிச்சியின் கைக்கு அப்பால் ஓர் இடம் உண்டு என்பதை எங்கள் பெண்கள் மற்றப் பல இடத்தவர்களைவிட முன்னதாகவே அறிந்திருந்தார்கள்.

ஆனாலும் என் கணக்கில், கூடுதல் உயிர்களைக் காத்தவர் நாங்கள் மிட்வைவ் என்று கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தர்தான். ஸ்கூட்டியில் ஒழுங்கைக்குள் வந்து, படலையில் நின்று குரல் கொடுக்கும் அந்தப் பெண்மணி. பிள்ளை பெற்று வந்த பத்து நாளுக்குள் வீட்டில் அவர் செய்வதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முதலில் கையைக் கழுவுவார். பிள்ளையைச் சுற்றிய துணியை அவிழ்ப்பார். தொப்புளில் எண்ணெயோ சாம்பலோ பூசியிருக்கிறதா என்று பார்ப்பார். பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தோலை விரலால் அழுத்தி மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுவார். பெண் பிள்ளை என்றால் இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளை என்றால் நீலம் என்று வெவ்வேறு நிற மட்டையில் வரும் சுகாதார விருத்திப் பதிவேட்டில் எழுதுவார். நிறம் வேறு, உள்ளே இருக்கும் வளர்ச்சிக் கோடும் வேறு. ஆனால் வீட்டுக்கு வரும் தடவையும் எண்ணும் நிமிடமும் இருவருக்கும் ஒன்றுதான். வீட்டில் யாருக்கு என்ன பிள்ளை பிடிக்கும் என்பது அவருக்குப் பொருட்டல்ல. அவருடைய அந்த ஒரு நிமிடத்தில்தான் பெண் பிள்ளையின் கைமுதல் காப்பாற்றப்படுகிறது. பிள்ளை ஒன்று இறந்துபோனாலும் காரணம் கேட்டு அதே படலைக்கு அவர் வருவார். அந்த விசாரணை வேதனையானது, ஆனால் அது இல்லாத நாடுகளில் பெண் பிள்ளையின் மரணம் கேள்வியில்லாமல் கழிந்துவிடுகிறது.

ஆசிய வரைபடத்தை இந்தக் கண்ணோடு மகள் திரும்பப் பார்க்கட்டும். ஜப்பானில் சிசு மரணம் ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழே, சிங்கப்பூரில் இரண்டை ஒட்டி. மாலைதீவும் இலங்கையும் ஐந்து, ஆறு என்று பக்கத்துப் பக்கத்தில். பங்களாதேஷும் நேபாளமும் இருபத்தைந்தை ஒட்டி. ஆப்கானிஸ்தான் நாற்பதுக்கு மேல். பாகிஸ்தான் ஐம்பதை ஒட்டி. பாகிஸ்தானில் பெண் சிசுக்கள் ஆண்களைவிடக் குறைவாக இறப்பதைக் கண்டு அங்கே பெண் பிள்ளைக்கு வாழ்வு நல்லது என்று எழுதிவிடக்கூடாது. அங்கே பிறக்கும் பெண் பிள்ளை ஒரு வயதுக்குள் இறக்கும் ஆபத்து எங்கள் பெண் பிள்ளையினதைவிட ஒன்பது, பத்து மடங்கு. வித்தியாசம் சரியான பக்கம் இருந்தாலும் உயரம் பயங்கரமானது. வீதத்தின் உயரம் ஒரு கேள்வி, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி வேறொரு கேள்வி. ஒன்றை வைத்து மற்றதற்கு விடை எழுத முடியாது.

நாடு என்ற எல்லையும் சிலவேளை ஏமாற்றும். 2020இல் இந்தியாவின் சராசரி 28 என்றாலும் தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. கேரளம் இலங்கையோடு நிற்கிறது, இந்தியச் சராசரியோடு அல்ல.

உயரத்துக்கும் இடைவெளிக்கும் அடுத்து மூன்றாவது கேள்வி, பிறக்கவே விடப்படாத பிள்ளைகள். இவர்கள் எந்தச் சிசு மரணக் கணக்கிலும் வருவதில்லை. ஸ்கான் செய்து பெண் என்றறிந்து கலைக்கும் நாட்டில் பெண் சிசு மரண வீதம் குறையக்கூடும், ஏனென்றால் வேண்டாத பிள்ளை பிறப்பதேயில்லை. சீனாவில் 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இரண்டு கொடுமையையும் ஒன்றாகக் காட்டியது: பெண் சிசுக்கள் கூடுதலாக இறந்தார்கள், பிறப்பிலும் பெண்கள் குறைந்துபோனார்கள். தென்கொரியாவில் 1990இல் நூறு பெண்களுக்கு 116 ஆண்கள் பிறந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுக்குள் அந்த நாடு இயல்பான விகிதத்துக்குத் திரும்பிவிட்டது. மனம் மாறாது என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அது. 1990இல் பொருளியலாளர் அமர்த்தியா சென், ஆசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் இருந்திருக்கவேண்டிய பத்துக் கோடிக்கு மேற்பட்ட பெண்கள் இல்லை என்று எழுதியபோது உலகம் திடுக்கிட்டது. கேரளத்தை அவர் விதிவிலக்காகக் காட்டினார்.

இப்போது உங்கள் மற்றக் கேள்வி. "கருத்தம்மா" 1994இல் வந்த படம், அது கற்பனையில் இருந்து மட்டும் வரவில்லை. தமிழ்நாட்டின் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை 1986இலேயே இந்திய இதழொன்றில் பெரிய செய்தியாக வெளிவந்திருந்தது. சேலம், தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரங்களில் இது பரவியிருந்தது. 1992இல் தமிழ்நாட்டு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கி, 2001இல் மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. பெற்ற பிள்ளையைக் கொல்லாதே, தொட்டிலில் விட்டுவிட்டுப் போ என்று ஓர் அரசு சொல்லவேண்டி வந்தது.

எங்கள் பக்கத்தில் சீதனம் அதற்குக் குறைந்ததல்ல. ஆனாலும் உசிலம்பட்டியில் போல ஒரு வழக்கமாகப் பெண் சிசுக்கொலை இங்கே வேரூன்றவில்லை. இதற்குக் காரணம் எங்கள் மனம் தங்கம் என்பதல்ல. காணியும் வீடும் யாருடைய பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், தாயின் சீதனச் சொத்து மகளுக்குச் சீதனமாக இறங்குகிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மருமகன் அந்த வீட்டுக்கு வந்து இருப்பது இன்றும் எங்கள் வழக்கம். வயதான தாயும் தகப்பனும் கடைசிக் காலத்தில் இருப்பது பெரும்பாலும் மகளின் வீட்டில்தான். தமிழ்நாட்டின் அந்த மாவட்டங்களில் மகள் கட்டிக்கொடுத்தபின் வேறு ஊருக்குப் போய்விடுகிறாள், நகையும் பணமும் அவளோடு போகின்றன. இங்கே மகள் பக்கத்து வளவில் இருக்கிறாள், உறுதி அவள் பெயரில் இருக்கிறது. சீதனம் சுமைதான். தங்கச்சிக்கு வீடு கட்ட என்று கடல் கடந்து போய் இளமையைத் தொலைத்த அண்ணன்மார் எத்தனை பேர்! அந்தச் சுமையை நான் நியாயப்படுத்தவில்லை, அது ஒழியவேண்டும். ஆனால் சொத்து பெண்ணின் கையில் நிற்கும் இடத்தில் பெண் பிள்ளை குடும்பத்துக்கு வேண்டியவளாக இருக்கிறாள். சீதனம் என்ற ஒன்றையே வைத்துப் பெண் சிசு மரணத்தை விளக்க முனைபவர்கள் யாழ்ப்பாணத்தை வந்து பார்க்கவேண்டும் என்பது என் துணிபு.

ஒப்படையில் மகள் கட்டாயம் எழுதவேண்டிய இன்னொரு விடயம் இருக்கிறது. இலங்கையின் சிசு மரணக் கோடு அழகாகச் சரிந்து வருவதை எல்லா நூலிலும் காட்டுவார்கள். ஆனால் 1987, 1993, 2000 ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் வட மாகாணம் சேர்க்கப்படவில்லை. 2006–07 ஆய்விலும் இல்லை. 2016இல்தான் இருபத்தைந்து மாவட்டமும் உள்ளே வந்தது. 1981க்குப் பின் எங்கள் மாவட்டத்தில் அடுத்த முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல்தான். இடையில் என்ன நடந்தது என்று பருத்தித்துறைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1987இல் வடமராட்சி மீதான இராணுவ நடவடிக்கை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் முழுக்க தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்து சேர்ந்த மழைநாட்கள். பாடசாலை மண்டபங்களில் பிறந்த பிள்ளைகள், குப்பி விளக்கில் நடந்த பிரசவங்கள், மருந்துத் தடை. 2004 ஆழிப்பேரலை. 2006இல் ஏ-9 பாதை மூடல். அந்தக் காலத்தில் இந்த மண்ணில் பிறந்து இறந்த சிசுக்களில் பலர் பதிவாளரிடமும் போகவில்லை, ஆய்வாளரின் படிவத்திலும் ஏறவில்லை. நாட்டுச் சராசரி என்று அச்சிடப்பட்ட அந்தக் கோட்டில் எங்கள் பிள்ளைகள் இல்லை. அந்த ஆண்டுகளிலும் சைக்கிளில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு முகாம் முகாமாகப் போன மருத்துவமாதர்களும், இருந்த மருந்தோடு மந்திகை வைத்தியசாலையில் நின்ற வைத்தியர்களும் தாதியரும் இல்லையென்றால் இழப்பு இன்னும் எவ்வளவோ.

மாவட்டக் கணக்கை மகள் எடுத்தால் ஓர் எச்சரிக்கை. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் ஆண்டுக்கு அறுநூறு பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று வைத்தால், ஆயிரத்துக்கு ஆறு என்பது மூன்று அல்லது நாலு மரணம். இரண்டு கூடினால் வீதம் ஒன்பதுக்குத் தாவும். ஒரு வருடக் கணக்கை வைத்து ஊரைப் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். மேலும் மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகிறது. பெரிய வைத்தியசாலை உள்ள மாவட்டத்தின் கணக்கு எப்போதும் கூடித் தெரியும்.

கடைசியாக உங்கள் ஐந்து மாதப் பிள்ளை. மாமி சொல்வதில் பாதி விஞ்ஞானம், அவர் அனுபவத்தில் கண்டது பிழையில்லை. ஆனால் "தாங்கும்" என்ற நம்பிக்கை, வைத்தியசாலைக்குப் போகும் நேரத்தை ஒரு இரவு தள்ளிவைத்தால், இயற்கை கொடுத்த பலம் முழுவதும் அந்த ஒரு இரவில் கரைந்துவிடும். மேலே சொன்ன தாமதம் கொடிய மனதில் இருந்துதான் வரும் என்றில்லை, இப்படி அன்பான வாயில் இருந்தும் வரும். மாமிக்கு இதை மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

பிள்ளைக்குத் தடிமன் என்றால் சட்டையைக் கழற்றி, அவள் அழாமல் இருக்கும் நேரம் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை, நிமிடத்துக்கு ஐம்பது அல்லது அதற்கு மேல் என்றால் அது வெறும் தடிமன் அல்ல. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அறுபது. மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், பால் குடிக்க மறுத்தால், குடித்ததையெல்லாம் சத்தியெடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் கண் திறவாமல் சோர்ந்து கிடந்தால், எண்ணிக்கொண்டு இருக்காமல் மந்திகைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அது இலவசம். 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் வீட்டுச் சந்திப்புகள் குறைந்ததும், குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்கள் பல பகுதிகளில் நிரப்பப்படாமல் கிடப்பதும் எனக்குக் கவலை தருகின்றன. உங்கள் ஒழுங்கைக்கு மிட்வைவ் வருவது குறைந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போய்க் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மகளுக்கு: வெட்டப்பட்ட வரிக்குப் பதிலாக, அட்டவணையில் மேலும் இரண்டு நிரல்களைச் சேர்த்து ஒப்படையைத் திரும்பக் கொடுக்கட்டும். ஒன்று, ஒன்று முதல் நாலு வயது வரையான மரணம், ஆண், பெண் தனித்தனியாக. மற்றது, நூறு பெண்களுக்குப் பிறக்கும் ஆண்களின் எண்ணிக்கை. அடிக்குறிப்பாக, 1987 முதல் 2007 வரையான ஆய்வுகளில் வடக்கு இல்லை என்பதையும் எழுதட்டும்.